யார் யாரைக் கூப்பிடுவது? டேட்டா லாகருக்குச் செல்லுலார் கேட்வே அமைப்பது பற்றி

தொலைவில் நிற்கும் டேட்டா லாகரை, அதாவது அளவீடுகளைத் தானே பதிவு செய்யும் கருவியை, இணையத்தில் இணைக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஆன்டெனாவைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே முடிவாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சர்வர் லாகரைக் கூப்பிடப் போகிறதா, லாகர் சர்வரைக் கூப்பிடப் போகிறதா? சிம் திட்டம், பேட்டரியின் அளவு, பாதுகாப்பு, கேட்வேயின் (லாகரைச் செல்லுலார் வலையமைப்போடு இணைக்கும் சிம் பெட்டியின்) விலை எல்லாமே இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான்.

சர்வர் கூப்பிடுவது பழைய வழக்கம். டயல்-அப் மோடம் காலத்தில் அலுவலகக் கணினி லாகர் நிற்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் வரிசையாக போன் போட்டுத் தரவை இழுத்துக்கொள்ளும். அதே முறையைச் செல்லுலாருக்குக் கொண்டுவந்தால் முதல் நாளே முட்டிக்கொள்ளும். சாதாரண சிம்முக்குப் பெரும்பாலும் பொது ஐபி முகவரி கிடைக்காது. 10 என்று தொடங்கும் முகவரியோ, 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் ஒன்றோதான் கிடைக்கும். அதாவது கேட்வே ஆபரேட்டரின் என்ஏடிக்கு (பல சாதனங்களைப் பொது முகவரி ஒன்றின் வழியாக வெளியே அனுப்பும் அமைப்புக்கு) பின்னால் இருக்கிறது. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வெளியே இருப்பவர் உள்ளே வர வழியில்லை. கேட்வேயின் நிலைப் பக்கத்தில் தெரியும் ஐபியும், அதே சிம் வழியாக வெளித்தளம் ஒன்றில் பார்க்கும் ஐபியும் வேறு வேறாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை திருத்தினாலும் பயன் இருக்காது.

இதைத் தாண்ட மூன்று வழிகள் உண்டு. பொது நிலையான ஐபி உள்ள சிம் வாங்கலாம். ஆபரேட்டரிடம் தனி ஏபிஎன் (சிம் டேட்டாவுக்கான நுழைவாயில்) கேட்டு, எல்லா நிலையங்களையும் ஒரே தனி வலையமைப்புக்குள் வைக்கலாம். அல்லது கேட்வேயிலிருந்து வெளியே விபிஎன் (குறியாக்கம் செய்த தனி வழி) சுரங்கம் ஒன்றை எழுப்பி, சர்வர் அதன் வழியாக உள்ளே வரலாம். இவற்றில் பொது ஐபியைத்தான் கடைசித் தேர்வாக வைத்துக்கொள்ளச் சொல்வோம். திறந்த போர்ட்டைத் தேடி அலையும் நிரல்கள் அந்த முகவரியை வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் நெறிமுறையில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. போர்ட் 502 வரை வந்தவர், எழுத இடமுள்ள எந்த ரெஜிஸ்டரிலும் (கருவியின் நினைவிடத்திலும்) எழுதலாம். கேட்வேயின் ஃபயர்வால் அவர்களைத் தடுத்தாலும், அந்தப் பாக்கெட்டுகள் ரேடியோவைக் கடந்து வந்த பிறகுதான் தடுக்கப்படுகின்றன. அவையும் உங்கள் டேட்டா கணக்கில்தான் ஏறும்.

எங்கள் தேர்வு நான்காவது. லாகரே குறித்த நேரத்தில் கேட்வேயை எழுப்பி, சர்வரைக் கூப்பிட்டு, தரவைத் தள்ளிவிட்டு, கேட்வேயை அணைத்துவிட வேண்டும். சாதாரண சிம்மே இதற்குப் போதும். என்ஏடி ஒரு தடையே இல்லை. உள்ளே வர எந்தப் போர்ட்டும் திறந்திருக்காது. முக்கியமாக, மின்சாரம் லாகரின் கட்டுப்பாட்டில் இருக்கும். நொடிக்கு நொடி நேரலை வேண்டும், மதகைத் தொலைவிலிருந்து திறக்க வேண்டும் என்கிற இடங்களில் மட்டும் கேட்வேயை எப்போதும் ஆனில் வைத்து விபிஎன் போடுங்கள்.

எப்போதும் ஆனில் வைப்பதற்கும் ஒரு சிக்கல் உண்டு. பேச்சில்லாத டிசிபி இணைப்பை ஆபரேட்டரின் என்ஏடி சத்தமில்லாமல் மறந்துவிடும். குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தர ஆவணம். நடைமுறையில் சில நிமிடங்களிலேயே அறுபடுவதும் உண்டு. இரு முனைகளும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், தரவு மட்டும் போகாது. இணைப்பை உயிரோடு வைக்க அனுப்பும் சிறு செய்தியான கீப்-அலைவின் இடைவெளியை நிலையத்திலேயே சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 60 விநாடியில் தொடங்கி, அறுபடாத வரை நீட்டிக்கொண்டே போங்கள்.

டேட்டா எங்கே கரைகிறது

அளவீடுகள் உண்மையில் மிகச் சிறியவை. பத்து அளவீடுகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறை சிஎஸ்வி வரியாக அனுப்பினால், வரிக்கு 100 பைட் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 96 வரி, 9.6 கிலோபைட். மாதம் 300 கிலோபைட்டைத் தொடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் டிஎல்எஸ் (குறியாக்க) இணைப்பு புதிதாகத் தொடங்கினால், சான்றிதழ்ப் பரிமாற்றத்துக்கே ஏறத்தாழ 5 கிலோபைட் போகும். 96 முறை தொடங்கினால் நாளுக்கு 480 கிலோபைட், மாதம் 14 மெகாபைட்டுக்கு மேல். மணிக்கு ஒருமுறை நான்கு வரிகளைச் சேர்த்து அனுப்பினால் அது கால்வாசியாகிவிடும். குறியாக்கத்தைக் கைவிடுவதைவிட இடைவெளியைக் கூட்டுவது நல்லது.

சர்வர் பதில் தருகிறதா என்று அடிக்கடி பிங் அனுப்பிப் பார்த்து, இல்லையென்றால் ரீபூட் செய்யும் கேட்வேயின் பிங் காவலனும் இப்படித்தான். ஒரு பிங் 84 பைட், பதிலும் 84. நிமிடத்துக்கு ஒன்று என்றால் 30 நாளில் 7.26 மெகாபைட். தரவைவிடப் பிங் இருபது மடங்குக்கும் மேல் சாப்பிடும் நிலையங்கள் நிறைய உண்டு. வயர்கார்டு விபிஎன்னின் கீப்-அலைவை 25 விநாடியில் வைத்தால் அதுவும் மாதம் 6 மெகாபைட்டைத் தாண்டும். இதோடு சில ஆபரேட்டர்கள் ஒவ்வொரு அமர்வையும் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல்நோக்கி முழுமையாக்கிக் கணக்கிடுவார்கள். சிம் வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

அனுப்பும் முறையைப் பொறுத்தவரை எஃப்டிபி, எச்டிடிபி போஸ்ட், எம்க்யூடிடி (புரோக்கர் என்ற சர்வர் வழியாகச் சிறு செய்திகளை அனுப்பும் முறை) மூன்றுமே வேலை செய்யும். எஃப்டிபி என்றால் பாசிவ் முறை கட்டாயம். ஆக்டிவ் முறையில் சர்வர் திரும்ப உள்ளே இணைக்கப் பார்க்கும், என்ஏடியில் நின்றுவிடும். லாகின் ஆகிறது, ஃபோல்டர் பட்டியலில் தொங்குகிறது என்றால் காரணம் இதுதான். எம்க்யூடிடியில் க்யூஓஎஸ் 1 (குறைந்தது ஒருமுறையாவது சேர வேண்டும் என்ற நிலை) வைத்தால் ஒரே பதிவு இரண்டு முறை வரலாம். எனவே சர்வரில் நிலைய எண்ணையும் நேரமுத்திரையையும் சேர்த்துத் தனித்துவச் சாவியாக வையுங்கள். இன்னொரு பொறி, ஒரு லாகரின் அமைப்பை அப்படியே நகலெடுத்து அடுத்ததில் ஏற்றுவது. இரண்டுக்கும் ஒரே கிளையன்ட் ஐடி ஆகிவிடும். ஒன்று இணைந்தவுடன் புரோக்கர் மற்றதை வெளியேற்றும். வெளியேறியது மீண்டும் இணைந்து முதலாவதைத் தள்ளும். இரண்டு நிலையங்களும் விட்டு விட்டு வருவதைப் பார்த்து எல்லோரும் சிக்னலைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

எல்லா நிலையங்களையும் சரியாக மணி அடிக்கும் நொடியில் அனுப்பச் சொல்லாதீர்கள். நிலைய எண்ணை வைத்து ஒவ்வொன்றுக்கும் சில நிமிடத் தாமதம் கொடுத்தால் சர்வருக்கும் டவருக்கும் நல்லது.

மின்சாரம்

செயலிழக்கும் நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் ரேடியோ இல்லை, பேட்டரி. லாகர் சராசரியாக 5 மில்லி ஆம்பியர் எடுக்கலாம். கேட்வேயோ சும்மா இருக்கும்போதே 12 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் எடுக்கும். நாளுக்கு 2.4 ஆம்பியர்-மணி. லாகரையும் சேர்த்தால் 2.52. வெயிலே இல்லாமல் ஐந்து நாள் தாங்க 12.6 ஆம்பியர்-மணி வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 25 ஆம்பியர்-மணி ஆகிறது. அதே கேட்வேயை மணிக்கு 10 நிமிடம் மட்டும் எழுப்பினால், அந்த நேரத்தில் 150 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் நாளுக்கு 0.6 ஆம்பியர்-மணிதான். ஐந்து நாளுக்கு லாகரோடு 3.6, பாதிக்கணக்கில் 7.2. பேட்டரி வயதாவதற்கும் குளிருக்கும் இடம்விட்டு 12 ஆம்பியர்-மணி போட்டால் நிம்மதி.

பத்து நிமிடம் தாராளமாகத் தோன்றலாம். கேட்வே பூட் ஆகி, டவரில் பதிவாகி, ஐபி வாங்க நல்ல இடத்தில் 30 விநாடி ஆகும். சிக்னல் மோசமான இடத்தில் எல்லா அலைவரிசைகளையும் தேடி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் போகும். இந்த நேர வரம்பைக் குறுக்கினால் மோசமான நாட்களில்தான் தரவு நிற்கும். வேண்டுமானால் சர்வர் பெற்றுக்கொண்டதை உறுதி செய்தவுடன் லாகர் உடனே அணைக்கட்டும், பத்து நிமிடம் உச்சவரம்பாக இருக்கட்டும்.

லாகர் தானே ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்டு 12 வோல்ட் முனையத்திலிருந்தே கேட்வேக்கு நேராகக் கொடுக்கலாமா என்றால், அந்த முனையத்தின் வரம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெப்பம் ஏற ஏற அந்த வரம்பு குறையும். கேட்வே ஆன் ஆகும் கணத்தில் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர்கள் இழுக்கும் மின்னோட்டம் தொடர்ச்சியான அளவைவிடப் பல மடங்கு. உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஃபியூஸ் துண்டித்து, ஆறி, மீண்டும் சேர்ப்பதால் கேட்வே பூட் ஆகிப் பூட் ஆகி விழும். மாஸ்ஃபெட் சுவிட்சோ சாலிட்-ஸ்டேட் ரிலேயோ வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாகக் கொடுப்பது சரி. சாதாரண ரிலேயின் கம்பிச்சுருள் பிடித்திருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் தின்னும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரிலே எந்த நிலையில் ஓய்வெடுக்க வேண்டும் என்பதையும் யோசித்து வையுங்கள். லாகரின் நிரல் நின்றுபோனால் கேட்வே அணைந்தே கிடக்கும்படி அமைத்திருந்தால், நேரில் போவதைத் தவிர வழியில்லை. ஓய்வு நிலையில் ஆனில் இருக்கும்படி அமைத்தால் விபிஎன் வழியாக உள்ளே போய் நிரலை மீண்டும் ஏற்றலாம், ஆனால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். எளிதில் போக முடியாத இடத்துக்கு இரண்டாவதே மேல். எதுவானாலும் லாகரின் நிரலில் ஒரு கீழ் எல்லை வையுங்கள். லெட்-ஆசிட் என்றால் 11.6 வோல்ட்டுக்குக் கீழே கேட்வே எழக் கூடாது, 12.3 வந்த பிறகே மீண்டும் எழலாம். இடைவெளி இல்லாமல் ஒரே எண்ணை வைத்தால், கேட்வே அணைந்ததும் வோல்ட்டேஜ் சற்று ஏறும், உடனே ஆன் ஆகும், மீண்டும் விழும். தொடர்பு போனாலும் அளவீடு நிற்கக் கூடாது, அதுதான் இதன் நோக்கம்.

மின்சாரத்தைச் சட்டென்று பிடுங்குவதும் நல்லதில்லை. ஃபிளாஷில் எழுதிக்கொண்டிருக்கும்போது துண்டித்தால் அமைப்பு கெடலாம். வாகனங்களுக்கான கேட்வேகளில் இக்னிஷன் உள்ளீடு என்று ஒரு கம்பி இருக்கும். அதை லாகரின் டிஜிட்டல் வெளியீட்டோடு இணைத்தால், கேட்வே வலையமைப்பிலிருந்து ஒழுங்காக விலகித் தானே அணையும்.

லாகருக்கும் கேட்வேக்கும் நடுவே

இந்த ஒரு மீட்டர் கேபிள் குடிக்கும் நேரம், டவர் வரையிலான பத்து கிலோமீட்டர் குடிக்காது. ஆர்எஸ்-232 சீரியல் இணைப்பு என்றால், இரு முனைகளில் எது டிடிஇ (கணினி வகை), எது டிசிஇ (மோடம் வகை) என்று கையேட்டில் பாருங்கள். ஒன்று அது, மற்றது இது என்றால் நேர்க்கேபிள். இரண்டும் ஒரே வகை என்றால் 2, 3 பின்களை மாற்றிய நல்-மோடம் கேபிள். மூன்று கம்பிகள் மட்டும் இணைத்திருந்தால் கேட்வேயில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது சிடிஎஸ் (‘அனுப்பலாம்’ என்ற) சிக்னலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ஆர்எஸ்-485 என்றால் ஏ, பி பெயர்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் தலைகீழ். பதிலே வரவில்லை என்றால் முதலில் அவற்றை மாற்றிப் பாருங்கள், எதுவும் எரியாது. நீளமான லைனின் இரு கோடிகளிலும் 120 ஓம் வேண்டும், பொதுத் தரைக் கம்பியும் வேண்டும்.

சீரியல் தரவை டிசிபிக்குள் வைக்கும்போது கேட்வே எத்தனை மில்லிவிநாடி அமைதிக்குப் பிறகு பாக்கெட்டை அனுப்ப வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிவிநாடி. இந்த அமைப்பைச் சுழியத்தில் விட்டால் ஒரு மோட்பஸ் செய்தி இரண்டு மூன்று துண்டாகப் போய்ச் சேரும், மறுமுனையில் சிஆர்சி (பிழைச்சோதனை எண்) பிழை வரும். 20 முதல் 50 மில்லிவிநாடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மறுமுனையின் டைம்-அவுட்டையும் உயர்த்துங்கள். கம்பி வழியில் 500 மில்லிவிநாடி தாராளம். செல்லுலாரில் 5 விநாடியில் தொடங்குங்கள், என்பி-ஐஓடி (சிறு கருவிகளுக்கான குறைவேகச் செல்லுலார் சேவை) என்றால் அதற்கும் மேலே. மோட்பஸ் டிசிபி வேறு, சீரியல் மோட்பஸான ஆர்டியு செய்தியை டிசிபி வழியாக அனுப்புவது வேறு. முன்னதில் 7 பைட் தலைப்பு உண்டு, சிஆர்சி கிடையாது. ஒரு முனையில் அதையும் மறுமுனையில் இதையும் வைத்தால் இணைப்பு பச்சையாகத் தெரியும், அளவீடு ஒன்றும் வராது.

சிக்னலும் ஆன்டெனாவும்

போனில் நான்கு கோடு தெரிகிறது என்பதை நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள். போனில் உள்ள அலைவரிசைகள் எல்லாம் கேட்வேயில் இருப்பதில்லை. எல்டிஇ-எம், என்பி-ஐஓடி வகைக் கேட்வே என்றால் அந்தச் சேவை அந்த டவரில் தனியாக இயக்கப்பட்டிருக்க வேண்டும், சிம் திட்டத்திலும் இருக்க வேண்டும். லாகர் வேலைக்குக் கேட்-1 வகை எல்டிஇ பெரும்பாலும் போதும். 10 மெகாபிட் இறக்கமும் 5 மெகாபிட் ஏற்றமும் எந்த லாகருக்கும் மிச்சம். 2ஜி, 3ஜி மட்டும் தெரிந்த பழைய மோடம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், அந்தச் சேவைகளைப் பல நாடுகள் நிறுத்திவிட்டன, வேறு சில நிறுத்திக்கொண்டிருக்கின்றன.

பார்க்க வேண்டிய எண்கள் ஆர்எஸ்ஆர்பியும் (டவர் சிக்னலின் வலிமை) எஸ்ஐஎன்ஆரும் (இரைச்சலையும் குறுக்கீட்டையும் விட சிக்னல் எவ்வளவு மேல் என்பது). ஆர்எஸ்ஆர்பி −100 டிபிஎம் வரை கவலையில்லை, −110 நெருக்கடி, −120 விளிம்பு. வரும் மொத்த ரேடியோ சக்தியைச் சொல்லும் ஆர்எஸ்எஸ்ஐ எண்ணோடு ஆர்எஸ்ஆர்பியைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 10 மெகாஹெர்ட்ஸ் அகல எல்டிஇயில் ஆர்எஸ்எஸ்ஐ ஏறத்தாழ 28 டெசிபல் வரை உயர்வாகக் காட்டும். ஏடி+சிஎஸ்க்யூ கட்டளை தரும் எண்ணை இரண்டால் பெருக்கி 113-ஐக் கழித்தால் டிபிஎம் கிடைக்கும், 99 வந்தால் எதுவும் தெரியவில்லை என்று பொருள். ஆர்எஸ்ஆர்பி −95 இருந்தும் எஸ்ஐஎன்ஆர் சுழியத்தில் கிடந்தால், அது −108-உம் எஸ்ஐஎன்ஆர் 12-உம் உள்ள இடத்தைவிட மோசமாகத்தான் வேலை செய்யும்.

ஆன்டெனாவை உயரத்தில் ஏற்றுவதன் லாபத்தைக் கேபிள் விழுங்கிவிடும். ஆர்ஜி-58 கேபிள் 900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு அரை டெசிபல், 1800-இல் அதற்கும் மேல் இழக்கும். பத்து மீட்டர் ஓட்டினால் 5 டெசிபல் ஆன்டெனாவின் பெருக்கம் அத்தனையும் போச்சு. எல்எம்ஆர்-400 ரகத்தில் அதே நீளத்துக்கு ஏறத்தாழ 1.3 டெசிபல்தான். இன்னும் நல்ல வழி, கேட்வேயையே கம்பத்தின் மேலே ஒரு பெட்டியில் வைத்து ஆர்எஸ்-485-ஐயோ ஈதர்நெட்டையோ கீழே இறக்குவது. வைஃபை ஆன்டெனாவின் ஆர்பி-எஸ்எம்ஏ கனெக்டர் செல்லுலார் எஸ்எம்ஏவில் திருகு ஏறும், நடுவே பின் தொடாது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

யாகி போன்ற திசை ஆன்டெனா குறுக்கீட்டைக் குறைக்கும், தொலைவு டவரைப் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு டவர் பராமரிப்பில் நின்றால் பக்கத்து டவருக்குத் தாவ வழியிருக்காது. எல்லாத் திசை ஆன்டெனாவில் −100-க்கு மேல் கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். கம்பத்து ஆன்டெனாவுக்கு இடிதாங்கிக் கம்பியும், கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கேஸ் டியூப் வகை சர்ஜ் அரெஸ்டரும் வேண்டும். கேபிள்கள் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழையட்டும்.

சிம், காவலன், மௌனம்

சிம்மின் பின் எண்ணை போனில் போட்டு முதலிலேயே நீக்கிவிடுங்கள். கேட்வேயில் தப்பான பின் இருந்து மூன்று முறை முயன்றால் சிம் பூட்டிக்கொள்ளும். சிம் ஆக்டிவேட் ஆன பிறகே கேட்வேயை ஆன் செய்யுங்கள். அதற்கு முன் பதிவாகப் பார்த்து டவர் மறுத்தால், அந்த ஆபரேட்டரைச் சிம் தன் தடைப்பட்டியலில் எழுதிக்கொள்ளலாம். பிறகு எல்லாம் சரியாக இருந்தும் இணையாது, பட்டியலை அழிக்க வேண்டியிருக்கும். சிம், ஏபிஎன், பேட்டரி, கேபிள் எல்லாவற்றையும் நிலையத்தில் வைக்கப்போகும் அதே பொருட்களைக் கொண்டு மேசையில் இரண்டு நாளாவது ஓட்டிப் பார்க்காமல் வண்டி ஏறக் கூடாது.

பிங் காவலன் ஒரே சர்வரை நம்பியிருந்தால், அந்தச் சர்வர் விழும் நாளில் எல்லா கேட்வேகளும் சேர்ந்து ரீபூட் ஆகும். இரண்டு தனித்தனி முகவரிகளும் தோற்றால் மட்டும் ரீபூட் ஆகட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் இடைவெளி நீண்டுகொண்டே போகட்டும். ஓயாமல் பதிவாகிப் பதிவாகி விழும் சாதனத்தை ஆபரேட்டர் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பதும் உண்டு. விபிஎன் போட்ட நிலையத்தில் பிங் போகிறது, கோப்பு மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) குறைத்துப் பாருங்கள். வயர்கார்டுக்கு 1420-இல் தொடங்கி, தேவைப்பட்டால் 1280 வரை இறங்கலாம்.

தொடர்பு அறும் காலத்துக்கு லாகரின் நினைவகம் போதுமா என்பதும் எளிய கணக்குதான். 20 அளவீடு, ஒன்றுக்கு 4 பைட், நேரமுத்திரைக்கு 8, மொத்தம் 88 பைட். நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளுக்கு ஏறத்தாழ 127 கிலோபைட். 4 மெகாபைட் நினைவகம் 33 நாள் தாங்கும். இணைப்பு திரும்பியதும் கடைசியாக உறுதியான பதிவுக்கு அடுத்ததிலிருந்து லாகர் தொடர வேண்டும். நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வையுங்கள்.

பேட்டரி வோல்ட்டேஜ், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், இணைய எடுத்த விநாடிகள் ஆகிய நான்கையும் அளவீடுகளோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். நிலையம் மௌனமாகும்போது கடைசி வார வரைபடமே பாதி விடை சொல்லிவிடும். வோல்ட்டேஜ் நாளுக்கு நாள் சரிந்திருந்தால் பேனலில் அழுக்கு, நிழல், அல்லது பேட்டரியின் வயது. ஆர்எஸ்ஆர்பி ஒரே நாளில் 15 டெசிபல் விழுந்திருந்தால் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம், அல்லது அருகிலிருந்த டவர் நின்றிருக்கலாம். அடுத்து சிம் போர்ட்டலைத் திறந்து கடைசி அமர்வைப் பாருங்கள். அமர்வு வழக்கம்போல வந்து பைட்டுகள் மட்டும் இல்லையென்றால் கேட்வே நலம், லாகரிலோ சீரியல் கேபிளிலோ கோளாறு. சில விநாடி அமர்வுகள் திரும்பத் திரும்ப வந்தால் கேட்வே மின்சாரம் போதாமல் விழுந்து எழுகிறது. அமர்வே இல்லை, கடைசி வோல்ட்டேஜும் நன்றாகத்தான் இருந்தது என்றால், சிம்மின் கணக்கு நிலுவையில் நிற்கவில்லை என்று உறுதி செய்த பிறகே பெட்டியின் சாவியை எடுங்கள். போகும்போது மாற்று ஃபியூஸ், மாற்று ஆன்டெனா, வேறு ஆபரேட்டரின் சிம் ஒன்று, சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்று கையோடு இருக்கட்டும்.